பச்சை மட்டுமே உள்ள ஊரில் கறுப்பு வெள்ளை நிலக்காட்சி

பிளஸ் ஆற்றங்கரை (இழையைத் தொடங்கியவர், சுங்கை சிப்புட், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். ஒரே ஒரு படத்தை முன்வைத்து எனக்கு எழுந்திருக்கும் குழப்பத்தை இந்த இணைய மன்றத்தில் எழுதுகிறேன்.

பிப்ரவரியில், ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் வாரத்தில், லிந்தாங் சாலையை ஒட்டிய தோட்டம் ஒன்றில் காலை ஏழேகால் மணியளவில் இந்த நிலக்காட்சியை எடுத்தேன். முன்னால் பழைய பால்மரங்கள் இரண்டு நிரை. இலைகள் செம்பு நிறத்துக்கு மாறிப் பாதி உதிர்ந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் மறுநடவு செய்யப்பட்ட இளஞ்செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. அதற்கும் பின்னால் பச்சை மூடிய சுண்ணாம்புக் குன்று. குன்றின் இடுப்பைச் சுற்றி மெல்லிய மூடுபனி. கேமராவின் திரையில் வண்ணத்தோடு பார்த்தபோது மனம் நிறைந்தது. ஆனால் நான் அங்கே போனதே கறுப்பு வெள்ளைக்காகத்தான். வீட்டுக்கு வந்து வண்ணச் செறிவைச் சுழியம்வரை இழுத்தேன். செம்பு இலைகளும் குன்றின் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. மரம் எங்கே முடிகிறது, குன்று எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். முதலாவது, நம் மண் கறுப்பு வெள்ளைக்குப் பொருந்தாததா? நாம் பார்த்து வியந்த நிலக்காட்சிகளில் பெரும்பாலானவை வறண்ட நாடுகளில் எடுக்கப்பட்டவை. அமெரிக்கப் புகைப்படக்காரர் அன்செல் ஆடம்ஸ் 1927இல் தம் நாட்டின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது அவருக்கு முன்னால் வெண்பனியும் செங்குத்துப் பாறையும் ஆழ்ந்த நீல வானமும் இருந்தன. நமக்கு வாய்த்திருப்பது பச்சையின் மேல் பச்சை, அதற்கு மேல் வெளுத்த வானம்.

இரண்டாவது கேள்வி சற்று வலிப்பது. புகைப்பட ஆர்வலர்கள் கூடிய ஓரிடத்தில் பெரியவர் ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, வண்ணத்தில் எடுத்து வீட்டில் உட்கார்ந்து மாற்றுவதைக் கறுப்பு வெள்ளை என்று சொல்லாதே என்றார். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இருட்டறை (சுங்கை சிப்புட்)

தம்பி, அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றிப் பேசுவோம்.

நான் இந்த ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தவன். அடையாள அட்டைப் படம், கல்யாணப் படம் எல்லாம் பிழைப்புக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் தோட்டப்புறம் எனக்குச் சொந்தம். ஃபில்ம் கழுவும் டி-76 மருந்தை 20 பாகை வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது ஏட்டில் உள்ள கணக்கு. நம் குழாயில் வரும் தண்ணீரோ 28 பாகை. அந்தச் சூட்டில் கழுவினால் நேரம் கைமீறும், ஃபில்மின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சும் இளகும். எதிரே இருந்த கோப்பிக் கடையில் ஐஸ் வாங்கி, அதை நேரடியாக மருந்தில் போட்டால் மருந்து நீர்த்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் பையில் கட்டி மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்தபடியே நின்றிருப்பேன். ஒவ்வொரு சுருளுக்கும் இவ்வளவு பாடு. ஆகவே பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, இந்தப் பச்சை எந்தச் சாம்பலாக வரவேண்டும் என்று முடிவு செய்துகொள்வோம்.

அந்த முடிவுக்கு எங்களுக்கு இருந்த கருவி, லென்ஸின் முன்னால் திருகும் வண்ணக் கண்ணாடி, அதாவது ஃபில்டர். ஆடம்ஸ் அன்று முதலில் மஞ்சள் ஃபில்டரில்தான் எடுத்தார். வானம் தன் மனத்தில் உள்ளபடி வராது என்று உணர்ந்து, கையில் எஞ்சியிருந்த கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். வானம் கறுத்தது, பாறை எழுந்து நின்றது. அதைப் படித்துவிட்டு நானும் ஒரு சிவப்பு ஃபில்டர் வாங்கினேன், ஏமாந்தேன். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுப்பதால்தான் வானம் கறுக்கிறது. நம் வானத்திலோ ஈரம் நிறைந்து, எல்லா ஒளியும் கலந்து வெண்மையாகத் தெரிகிறது. எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் வெள்ளை வெள்ளையாகத்தான் வரும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் மட்டும் சற்றே பயன்பட்டது. தோட்டத்தில் எனக்கு உண்மையில் கைகொடுத்தது மஞ்சள் கலந்த பச்சைக் கண்ணாடி. அது இலைகளை ஒரு படி வெளுக்க வைக்கும். மரப்பட்டையின் கருமை தனியே நிற்கும்.

நம் மண் பொருந்தாது என்று எண்ண வேண்டாம். அவர்கள் மண்ணுக்குக் கண்ட வழியை அப்படியே நம் மண்ணில் செய்து பார்ப்பதுதான் பொருந்தாது.

பெரியவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் கேட்க நினைத்தது, நீ எப்போது முடிவெடுத்தாய் என்பதாக இருக்கலாம். வண்ணப்படம் சரியாக வராததால் கறுப்பு வெள்ளைக்கு ஓடினாயா, அல்லது அங்கே நிற்கும்போதே சாம்பலில் பார்த்தாயா? நீ அதற்காகவே போனேன் என்கிறாய். அப்படியானால் மாற்றும் வேலை கணினியில் நடந்ததா, இருட்டறையில் நடந்ததா என்பது எனக்குப் பொருட்டல்ல. பிரேசில் புகைப்படக்காரர் செபஸ்தியாவ் சல்காடோ தம் பெரும் நிலக்காட்சித் தொடரின் நடுவிலேயே, விமான நிலையங்களின் எக்ஸ்ரே ஃபில்மைக் கெடுத்துவந்ததால், டிஜிட்டலுக்கு மாறினார். அதற்குப் பிந்திய அவருடைய படங்களைக் கறுப்பு வெள்ளை அல்ல என்று ஒதுக்கிவிட முடியுமா?

பதினான்கு பிட் (ஈப்போ)

ஐயா சொன்ன கண்ணாடி இப்போதும் இருக்கிறது, கேமராவுக்குள்ளேயே இருக்கிறது. இழையைத் தொடங்கிய நண்பர் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டார் என்பதுதான் என் கருத்து.

நம் கேமராக்களில் ஒளியைப் பதியும் சென்சார் தன்னளவில் வண்ணம் அறியாதது. விழும் ஒளியின் அளவை மட்டுமே அறியும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வடிகட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் இந்த மூன்றும் தனித்தனித் தடங்களாகச் சேமிக்கப்படுகின்றன. ஆகவே சிவப்புக் கண்ணாடி, பச்சைக் கண்ணாடி, நீலக் கண்ணாடி மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டு எடுத்த படம் அவர் கையில் இருக்கிறது. செறிவைச் சுழியமாக்கியபோது மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிவிட்டார்.

கணக்காகவே காட்டுகிறேன். ஒரு செம்பு இலையின் மதிப்பு சிவப்பு 150, பச்சை 95, நீலம் 60 என்று கொள்வோம். பின்னால் உள்ள குன்றின் பச்சைக்குச் சிவப்பு 80, பச்சை 130, நீலம் 60 என்று கொள்வோம். பழைய தொலைக்காட்சித் தரத்திலிருந்து வந்த வழக்கமான பகுப்பின்படி சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை கொடுத்துக் கூட்டினால், இலைக்கும் 107 வருகிறது, குன்றுக்கும் 107 வருகிறது. கண்ணுக்கு நெருப்பும் காடுமாகத் தெரிந்த இரண்டும் ஒரே சாம்பலாவது இப்படித்தான். சிவப்புத் தடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்: இலை 150, குன்று 80. பச்சைத் தடத்தில் இலை 95, குன்று 130. எது முன்னால் ஒளிர வேண்டும் என்பதைத் தேர்ந்துகொள்வது நம் கையில் இருக்கிறது.

மென்பொருளில் கறுப்பு வெள்ளைக் கலவை என்ற பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே வண்ணத்துக்கு ஒன்றாக ஸ்லைடர்கள், அதாவது இழுக்கும் பட்டிகள் இருக்கும். ஆரஞ்சையும் சிவப்பையும் ஏற்றுங்கள், பச்சையைச் சற்று இறக்குங்கள். மஞ்சளில் மட்டும் கவனம் தேவை. நாம் பச்சை என்று நினைக்கும் இலைகளில், குறிப்பாக இளஞ்செம்பனையின் ஓலையில், மஞ்சள் பங்கு மிகுதி. பச்சை ஸ்லைடருக்கு அசையாத இலை மஞ்சள் ஸ்லைடருக்கு அசையும். மூடுபனிக்கு நீலத்தை ஏற்றுங்கள். காலை நிழலில் உள்ள பனியில் நீலம் மிகுந்திருப்பதால் அது வெளுத்து, நிரைக்கும் நிரைக்கும் இடையே ஆழம் உண்டாகும். ஆடம்ஸ் வானத்தைக் கறுக்க வைக்கப் போட்ட சிவப்பு, மூடுபனியையும் மெலிதாக்கிவிடும். நமக்குப் பனிதான் படத்தின் உயிர், எனவே அதை வெட்டக் கூடாது. எந்த ஸ்லைடரையும் கடைசிவரை இழுக்காதீர்கள். கிளைகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தோன்றும். நீலத் தடத்தில் மணல்மணலாக இரைச்சலும் எழும்.

இதையெல்லாம் ரா கோப்பில் மட்டுமே செய்யுங்கள். 14 பிட் ரா கோப்பில் ஒரு தடத்துக்கு 16,384 படிநிலைகள் உண்டு; வழக்கமான ஜேபெக் கோப்பில் 256 மட்டுமே. வெளுத்த வானத்தின் மென்மையான ஏற்ற இறக்கம் 256 படிகளுக்குள் இழுபட்டால் பட்டை பட்டையாக உடையும்.

ஒரு பக்கச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். கோடாக்கில் ஸ்டீவன் சாசன் 1975இல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவே கறுப்பு வெள்ளைதான். 100க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் ஆயின. பேயர் வடிகட்டியே இல்லாத கேமராவை லைக்கா நிறுவனம் 2012இல் கொண்டுவந்தது, பென்டாக்ஸ் 2023இல் கொண்டுவந்தது. அவற்றின் நுணுக்கமும் இருளில் அவை காட்டும் தெளிவும் உயர்ந்தவை. ஆனால் அவற்றில் வண்ணத் தடங்கள் இல்லாததால் பின்னால் கலவையை மாற்ற இயலாது. அவற்றை வாங்குபவர்கள் ஐயாவைப் போலவே மஞ்சள் பச்சைக் கண்ணாடியைத் தேடி லென்ஸில் திருக வேண்டியிருக்கும்.

கைப்பேசி மட்டும் (கோலகங்சார்)

விலை உயர்ந்த கேமரா இல்லாதவர்கள் என்ன செய்வது? நான் கைப்பேசியில்தான் எடுக்கிறேன்.

பதினான்கு பிட் (ஈப்போ)

பல கைப்பேசிகளில் ரா கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. இல்லையென்றால் அதற்கான செயலிகள் கிடைக்கின்றன. மேலே சொன்ன கலவை அங்கும் செல்லும். வானம் வெந்து போகாதபடி ஒளியைச் சற்றுக் குறைத்து எடுங்கள். ஃபில்மில் நிழலுக்கு ஒளி அளந்தார்கள். டிஜிட்டலில் வெளிச்சத்துக்கு அளக்க வேண்டும். முற்றிலும் வெளுத்த இடத்தில் மீட்பதற்கு எதுவும் மிஞ்சாது.

ஆயாக்கொட்டகை (சுங்கை சிப்புட்)

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். நுட்பத்தைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தை ஏன் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறீர்கள்?

நான் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா முப்பத்தொரு ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போகும்போது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் என்னை விட்டுச் செல்வார். எனக்கு நினைவில் இருக்கும் தோட்டம் வண்ணமயமானது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக் கதவுகளில் நீலச் சாயம் இருந்தது, மாரியம்மன் கோயில் தூண்களில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தார்கள், கொடியில் காயும் சேலைகள் தூரத்திலிருந்தே தெரியும். இன்று கண்காட்சிகளிலும் நாள்காட்டிகளிலும் தோட்டப்புறப் படங்களைப் பார்க்கும்போது, சாம்பல் லயம், சாம்பல் பாதை, சாம்பல் மரம் என்றே இருக்கின்றன. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் எஞ்சி நிற்கும் ஒன்றைக்கூடப் பழுப்பேற்றிய படங்களாகவே பார்த்திருக்கிறேன்; அது இன்றும் தளிர்விடும் உயிருள்ள மரம். சென்ற ஆண்டு எடுத்த படம் அறுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்ததைப் போல நிற்கிறது. இன்னமும் அங்கே வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வீட்டுப் பிரச்சினை இருக்கிறது, பள்ளிக்கூடப் பிரச்சினை இருக்கிறது. படத்தைப் பார்ப்பவர் மட்டும், ஐயோ பாவம், எல்லாம் பழைய கதை என்று பெருமூச்சுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

வண்ணத்தைக் கழிக்கும்போது காலத்தையும் சேர்த்துக் கழித்துவிடுகிறீர்கள் என்பதே என் வருத்தம். தம்பியின் மனத்தைப் புண்படுத்த எழுதவில்லை. அவர் எடுத்த இடம் எனக்குத் தெரிந்த இடமாக இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

பிளஸ் ஆற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் படத்தைத் திறக்கவில்லை. நான் எடுத்தபோது பழமையைத் தேடினேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தேடவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கல்லறைக்கு முன்னால் நிற்பது போன்ற ஓர் உணர்வு எனக்குள் இருந்தது உண்மை. அடுத்த ஆண்டு அந்த இரண்டு நிரையும் இருக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் அன்று போனேன்.

பிறகு அதே ரா கோப்பைப் பதினான்கு பிட் சொன்னபடி புதிதாக மாற்றினேன். ஆரஞ்சை 35 ஏற்றி, பச்சையை 20 இறக்கியவுடன் இலைகள் எழுந்துவிட்டன. உதிராமல் எஞ்சியிருந்த ஒவ்வொரு இலையும் வெள்ளிக் காசு போல் குன்றின் கருமைக்கு முன்னால் தனித்தனியாகத் தொங்குகிறது. நீலத்தை ஏற்றியதும் குன்றின் இடுப்பில் இருந்த பனி இரண்டு அடுக்காகப் பிரிந்தது. அங்கே இரண்டு அடுக்கு இருந்ததை நேரில் நான் கவனிக்கவில்லை. மிகவும் வியந்தது முன்னால் உள்ள மரத்தின் பட்டையைப் பார்த்துத்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும் வெட்டுக்கோடு, அதற்குக் கீழே இன்னும் உளி படாத பட்டை, அதற்கு மேலே பழைய வெட்டுகள் ஆறி வளர்ந்த வேறொரு தடிப்பு, கம்பியில் கவிழ்த்து வைத்த, பால் பிடிக்கும் மங்கு. வண்ணத்தில் இவை அனைத்தும் ஒரே பழுப்பாக இருந்தன. சாம்பலில் ஒவ்வொன்றும் வெவ்வேறு படி.

வழக்கமாகப் போடும் பழுப்புச் சாயத்தையும், ஓரங்களை இருட்டாக்கும் வேலையையும், ஃபில்ம் மணி போன்ற செயற்கைப் புள்ளிகளையும் இம்முறை போடவில்லை. படம் பழசு போல் தோன்றுவதற்கு வண்ணமின்மையைவிட இவைதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. இளஞ்செம்பனையை வெட்டி ஒதுக்கவும் இல்லை. முதலில் அதை மறைத்து, ரப்பர் மரமும் குன்றும் மட்டும் தெரியும்படி வெட்டியிருந்தேன். இப்போது அது நடுவில் தெளிவாக நிற்கிறது. எந்தக் காலத்தில் எடுத்த படம் என்பதை அதுவே சொல்கிறது.

இருட்டறை (சுங்கை சிப்புட்)

புதிய படத்தைப் பார்த்தேன். வேலை செய்திருக்கிறாய் என்பது தெரிகிறது. இனி அச்சிடு.

திரை தானே ஒளிவிடுவது. தாள் தன் மேல் விழுந்த ஒளியைத் திருப்பித் தருவது மட்டுமே. திரையில் உனக்குத் தெரியும் பட்டையின் நுணுக்கம் தாளில் கருந்திட்டாகிவிடலாம். அச்சிடுமுன் நிழல் பகுதிகளை ஒரு படி திறந்துவை. ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் வகுத்த மண்டல முறையில் முழுக்கருப்பு சுழியம், நடுச்சாம்பல் ஐந்து, முழுவெள்ளை பத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டாப் இடைவெளி, அதாவது ஒளி இருமடங்காகும். ஈரப் பட்டை மூன்றில் விழ வேண்டும் என்பது என் கணக்கு. இரண்டுக்கு இறங்கினால் உளித்தடம் மறைந்துவிடும். கறுப்புக்கும் சாம்பலுக்கும் தனித்தனி மை உள்ள பிரிண்டர் வைத்திருப்பவரிடம் கொடு. வண்ண மைகளைக் கலந்து சாம்பல் உண்டாக்கும் பிரிண்டரில் ஒரு விளக்கின் கீழ் பச்சையும் வேறு விளக்கின் கீழ் ஊதாவும் ஏறித் தெரியும்.

கோப்பை இரண்டு மூன்று இடங்களில் பிரதியெடுத்து வை. சென்ற மாதம் என் பழைய பெட்டி ஒன்றைத் திறந்தேன். மூடியை எடுத்ததும் புளிக்காடி வாடை மூக்கில் ஏறியது. நம் வெக்கையிலும் ஈரத்திலும் அசிட்டேட் ஃபில்ம் தானே சிதைந்து அமிலம் கக்கும். நெகட்டிவ்கள் சுருண்டு, மேல்பூச்சு வரிவரியாக மடிந்திருந்தது. புகைக்கூண்டுக்கு முன்னால் நிற்கும் பெண்களின் ஒரு படம், நான் எடுத்ததிலேயே சிறந்தது, இனி இல்லை. கோப்பு அப்படி அழுகாது; ஆனால் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும்.

அந்த அம்மாவுக்கும் ஒரு சொல். உங்கள் வருத்தம் நியாயமானது. நாங்கள் கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்கு வண்ணச் சுருளின் விலையும் ஒரு காரணம். தம்பிக்கு அந்தக் காரணம் இல்லாததால் அவர் கூடுதலாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லியும் இருக்கிறார்.

ஆயாக்கொட்டகை (சுங்கை சிப்புட்)

தம்பி அந்த அச்சுப்படத்தின் ஒரு பிரதியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார், நன்றி. அம்மாவிடம் காட்டினேன். அவருக்கு எழுபத்தாறு வயது. கண்புரை அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இது எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எதையும் நான் சொல்லவில்லை. சன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

முதலில் சொன்னது, "இன்னைக்கு வெட்டு இல்ல." ஏன் என்று கேட்டேன். "முந்தின ராத்திரி மழ பெஞ்சிருக்கு. பட்டையப் பாரு, ஒரு பக்கம் கருப்பா ஓடியிருக்கு. ஈரப் பட்டையில வெட்டுனா பாலு கோட்டுல நிக்காது, வழிஞ்சி போயிரும். அதான் மங்கு கவுத்திருக்கு." அதன் பிறகு வெட்டுக்கோட்டின் மேல் விரலை வைத்து, வெட்டியவர் பட்டையை வீணாக்காமல் மெலிதாகச் சீவியிருக்கிறார், நல்ல கை என்றார். செம்பனையைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை.

கறுப்பு வெள்ளையைப் பற்றி நான் எழுதியதை முழுவதும் திரும்பப் பெறவில்லை. ஆனால் அம்மா இந்தப் படத்தில் பழங்கதை எதையும் பார்க்கவில்லை. அன்றைய ஒரு காலை வேளையைத்தான் பார்த்தார். தம்பி, அன்று உண்மையிலேயே மழை பெய்திருந்ததா?

பிளஸ் ஆற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

பெய்திருந்தது அக்கா. விடியற்காலை நான்கு மணிவரை பெய்தது. போகலாமா வேண்டாமா என்று படுக்கையிலேயே யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த இழையில் அதை நான் எங்கும் எழுதவில்லை, எனக்கே மறந்திருந்தது. வண்ணக் கோப்பைத் திறந்து பட்டையைத் தேடிப் பார்த்தேன்; ஈரம் ஓடிய தடம் அதிலும் இருக்கிறது, செம்பு இலைகளின் நிறம் கண்ணை இழுத்துக்கொள்வதால் அங்கே பார்வை போகவில்லை.

ஐயா, நீங்கள் சொன்ன மூன்றாம் மண்டலத்துக்குச் சற்று மேலே பட்டையை வைத்து இன்னொரு பிரதி அச்சிடப் போகிறேன். அம்மா விரல் வைத்த இடத்தில் உளித்தடம் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிய வேண்டும். இந்த ஞாயிறு மழை இல்லையென்றால், வெட்டு நடக்கும் காலையில் அதே இடத்தில் நின்று மறுபடியும் எடுப்பேன். அக்கா, அம்மாவுக்கு முடியுமானால் அழைத்து வாருங்கள். கார் உள்ளே வரைக்கும் போகும்.